ஃபோர்-ஒன்னா, ஃபோர்-டூ-ஒன்னா? பழைய எஸ்டீமுக்கு எந்த ஹெட்டர்?

கோயம்புத்தூர் கணபதிப் பக்கம் ஒரு பட்டறையில் என் மாருதி எஸ்டீம் காரை நிறுத்தி, எஞ்சின் புகையை வெளியே கொண்டுபோகும் ஹெட்டர் குழாய் போடணும் என்றேன். வெல்டர் அண்ணன் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. "ஏந்தம்பி, வண்டி வால்பாறை ஏறுமா, செட்டிபாளையத்துல சுத்துமா?" என்றார். மலை ஏறவா, ரேஸ் டிராக்கில் ஓட்டவா என்று கேட்கிறார். நம்மில் பலர் இதை யோசிப்பதே இல்லை. சத்தம் பிடித்துப்போய் வாங்கிவிடுகிறோம்.

கம்பெனி போட்டுத் தரும் புகைக்குழாய்த் தொகுப்பான வார்ப்பிரும்பு மேனிஃபோல்டில் நாலு சிலிண்டர் புகையும் கொஞ்ச தூரத்திலேயே ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். ஹெட்டரில் ஆளுக்கொரு குழாய். ஒரு சிலிண்டரிலிருந்து பாய்ந்து போகும் புகைக்குப் பின்னால் அழுத்தம் குறையும். அது அடுத்த சிலிண்டரில் தங்கிய புகையை இழுத்துக்கொண்டு போகும். லாபமெல்லாம் இந்த இழுப்பில்தான். அது எந்த ஆர்பிஎம்மில் (எஞ்சின் சுற்றும் வேகத்தில்) நன்றாக வேலை செய்யும் என்பது குழாயின் நீளத்தையும் விட்டத்தையும் பொறுத்தது.

ஃபோர்-ஒன்னில் நாலு குழாயும் நீளமாக வந்து ஒரே இடத்தில் சேரும். உச்ச ஆர்பிஎம்மில் பவர் அள்ளிக் கொடுக்கும், கீழே சோம்பும். ஃபோர்-டூ-ஒன்னில் முதலில் ஜோடி சேர்ப்பார்கள்: 1-ம் 4-ம் ஒன்று, 2-ம் 3-ம் ஒன்று. சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை (ஃபயரிங் ஆர்டர்) 1-3-4-2 என்பதால் ஒரே ஜோடியின் இரண்டு வெடிப்புக்கும் நடுவே எஞ்சினின் கிராங்க் தண்டு ஒரு முழுச் சுற்று, 360 டிகிரி, சுற்றியிருக்கும். ஒன்றின் புகை மற்றதை மறிக்காது. நடு ஆர்பிஎம்மில் இழுவை கூடும்.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. ஃபோர்-ஒன் மூச்சுப் பிடித்து எழும்பும்போது அடுத்த வளைவு வந்து பிரேக்கை மிதிக்க வேண்டியிருக்கும். இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முன்பு ஒரு வண்டிக்குப் பருத்த குழாயில் ஃபோர்-ஒன் போட்டு, நாலு பேரோடு திம்பம் மலைப்பாதை ஏறினேன். 27 வளைவில் பாதிக்குமேல் ஃபர்ஸ்ட் கியர். பின்னால் வந்த கரும்பு லாரிக்காரர் ஹாரன் அடித்தே மானத்தை வாங்கிவிட்டார்.

செட்டிபாளையம் கரி ரேஸ் டிராக்கில் கதை வேறு என்பார்கள். பாதிதான் ஒப்புக்கொள்வேன். 2.1 கிலோமீட்டருக்குள் வளைவுகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். வளைந்து வெளியே வரும்போது அங்கும் நடு ஆர்பிஎம் இழுவைதான் வேண்டும். வால்வைத் திறக்கும் கேமை மாற்றி, எஞ்சினின் கம்ப்யூட்டரான ஈசியூவை டியூன் செய்து, 5000 ஆர்பிஎம்முக்குக் கீழே இறங்காத ரேஸ் வண்டி என்றால் ஃபோர்-ஒன் போடுங்கள். வீட்டிலிருந்து ஓட்டிப்போய், சுற்றிவிட்டு, ஓட்டிக்கொண்டே திரும்பும் வண்டிக்கு என் ஓட்டு ஃபோர்-டூ-ஒன்னுக்கே.

அடுத்தது உலோகம். 304 ஸ்டெயின்லெஸ் துரு பிடிக்காது, ஆனால் சூட்டில் அதிகம் நீளும். அரை மீட்டர் குழாய் 600 டிகிரி ஏறினால் 5 மில்லிமீட்டருக்கு மேல் நீளும். மைல்டு ஸ்டீல் 4-ஐ ஒட்டி நிற்கும். அதனால் 304-ல் எஞ்சினோடு போல்ட் போட்டு இறுக்கும் பிளேஞ்ச் தட்டு கனமாக இருக்கணும், ஆர்கான் வெல்டிங் சுத்தமாக இருக்கணும். இல்லையென்றால் மூட்டில் விரிசல் விடும். மைல்டு ஸ்டீல் மலிவு, ஒட்டுவது சுலபம். அதற்கு செராமிக் கோட்டிங் கொடுங்கள். துணி டேப் மட்டும் சுற்றாதீர்கள், மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்து உள்ளுக்குள்ளேயே அரித்துவிடும்.

புது வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பிஎஸ்6 புகை விதிப்படி வந்த வண்டிகள் பலவற்றில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் மேனிஃபோல்டோடு ஒட்டியே இருக்கும். ஹெட்டர் போட்டால் அதுவும் போச்சு. கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்னும் பி0420 கோடு, செக் எஞ்சின் விளக்கு, புகைப் பரிசோதனையில் சிக்கல், வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்தும் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு என்று வரிசையாக வரும். ஃபோக்ஸ்வாகனின் 1.0 டிஎஸ்ஐ போன்றவற்றில் மேனிஃபோல்டே சிலிண்டர் ஹெட்டுக்குள் வார்க்கப்பட்டிருக்கிறது; அங்கே ஹெட்டர் என்ற பேச்சே கிடையாது.

எனக்கு மைல்டு ஸ்டீலில் ஃபோர்-டூ-ஒன். கிளம்பும்போது அண்ணன் சொன்னது: "பழைய கேஸ்கெட்டையே போட்டுக்கலாம்னு பார்க்காதீங்க. நாளைக்கு எஞ்சின் நல்லா ஆறினதுக்கப்புறம் வாங்க, நட்டை எல்லாம் இன்னொருக்கா டைட் வெச்சுத் தர்றனுங்க."