பாதியில் நிற்கும் பத்மினி: முடிப்பதா, விற்பதா என்று பார்த்துச் சொல்லும் பேட்டை ரோட்டுப் பட்டறை

பழைய காரைப் பிரித்துப் போட்டுவிட்டு, முடிக்கவும் வழியில்லாமல் விற்கவும் மனசு வராமல் கொட்டகையில் வைத்திருப்பவர்கள் நம்ம திருநெல்வேலிப் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பேட்டை தாண்டி சேரன்மகாதேவி போகும் ரோட்டில், போர்டு எதுவும் மாட்டாத ஒரு பட்டறை இருக்கிறது. வண்டி வேலை பார்ப்பது போக, "இந்த வண்டியில் இனிமேல் காசு போடலாமா, வேண்டாமா" என்று பார்த்துச் சொல்வதையும் அங்கே தனி வேலையாகவே செய்கிறார்கள். கூலி 1,500 ரூபாய். பார்த்து முடித்ததும் ஒரு நோட்டுத் தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்துவிடுவார்கள். வேலையை அவர்களிடமே கொடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

எங்கள் வண்டி 1986 மாடல் பிரீமியர் பத்மினி, பெரியப்பா வாங்கியது. கடைசிக் காலத்தில் அவர் அதை முழுசாகப் புதுப்பிக்கிறேன் என்று ஒரு பட்டறையில் விட்டார். அங்கே என்ஜினை இறக்கினார்கள், கதவுகளைக் கழற்றினார்கள், பாதி பெயிண்டைச் சுரண்டினார்கள், அட்வான்ஸ் தீர்ந்ததும் வேலையும் நின்றுவிட்டது. அப்படியே ஏற்றிக் கொண்டுவந்து கல்லிடைக்குறிச்சி வீட்டுக் கொட்டகையில் நிறுத்தியதுதான். பெரியப்பா தவறிய பிறகு பெரியம்மா விற்றுவிடச் சொல்கிறார்கள், மஸ்கட்டில் இருக்கும் அண்ணன் எவ்வளவு ஆனாலும் முடித்துவிடுவோம் என்கிறார், பார்த்துக்கொள்வது நான். விலை கேட்டுப் பார்த்தால், புரோக்கர் சொன்ன தொகைக்கும் பழைய இரும்புக் கடைக்காரர் கிலோ கணக்குப் போட்டுச் சொன்ன தொகைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பிரித்துக் கிடக்கும் வண்டியில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று வாங்குகிறவருக்குத் தெரியாது, அதனால் எல்லாமே இல்லை என்று வைத்துத்தான் விலை சொல்வார். இந்த நிலைமையில்தான் அங்கே கொண்டுபோனோம்.

அங்கே இருக்கும் அண்ணாச்சி வண்டிப் பக்கமே முதலில் வரவில்லை. "ஆர்.சி.ய மொதல்ல காட்டுங்க தம்பி, வண்டிய பொறவு பாப்போம்" என்றார். அந்த ஒரு வார்த்தையிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. என்ஜின் போனால் வேறு என்ஜின் கிடைக்கும், தகரம் போனால் வெட்டி ஒட்டலாம், பேப்பர் இல்லாத வண்டியில் எவ்வளவு கொட்டினாலும் ரோட்டில் எடுக்க முடியாது. சொந்த உபயோகக் காருக்கு முதலில் ஆர்.சி. 15 வருஷம், அதற்கு மேல் வண்டியைக் காட்டி எஃப்.சி. என்ற தகுதிச் சான்று வாங்கி ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். 15 வருஷம் ஆன பெட்ரோல் கார் ஓடவே கூடாது என்று இங்கே பலர் நினைத்துக்கொண்டு வண்டியை இரும்புக்குப் போடுகிறார்கள். அது டெல்லியையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் வைத்து வந்த தடை, நமக்கு இல்லை. ஆனால் செலவு கூடிவிட்டது உண்மை. காருக்குப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயாக இருந்தது 2022 ஏப்ரலில் 5,000 ஆனது, 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள். பசுமை வரியும் தாமதக் கட்டணமும் தனி. விண்டேஜ் என்று பதிந்துவிடலாமே என்று அண்ணன் போனில் கேட்டார், 2021-ல் வந்த விதிப்படி அதற்கு வண்டிக்கு 50 வயது ஆகியிருக்க வேண்டும், எங்கள் வண்டிக்கு 2036 வரை பொறுக்க வேண்டும்.

எங்களுடையதில் இன்னொரு சிக்கல், ஆர்.சி. இன்னும் பெரியப்பா பெயரிலேயே இருக்கிறது. சாதாரணமாக விற்றால் படிவம் 29, 30 போதும், உரிமையாளர் இறந்துவிட்டால் படிவம் 31 கொடுத்து முதலில் வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும், இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் வேண்டும். முடித்தாலும் சரி, விற்றாலும் சரி, இந்த வேலையைத் தள்ளிப்போட முடியாது என்று தாளில் முதல் வரியாகவே எழுதிவிட்டார். அப்புறம் மண்ணெண்ணெய்த் துணியால் சேசிஸ் நம்பர் குத்தியிருக்கும் இடத்தைத் துடைத்து, மேலே வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். எண்கள் ஒவ்வொன்றாகத் தெளிந்து வந்தன. ஆர்.சி.யோடு வைத்து விரலை நகர்த்தி நகர்த்திச் சரிபார்த்த பிறகுதான் எழுந்தார். என்ஜின் நம்பருக்கும் அதே மாதிரி.

அடுத்த கேள்வி, 2023 டிசம்பரில் வண்டி எங்கே நின்றது என்பது. 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி ஏறி வந்ததை இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜங்ஷன், சிந்துபூந்துறை, கொக்கிரகுளம் பக்கமெல்லாம் நின்ற வண்டிகள் முங்கிப்போயின. எங்கள் கொட்டகையில் டயர் உயரத்துக்குத் தண்ணீர் நின்று வடிந்தது, வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அண்ணாச்சி ஒரு கம்பியை எடுத்து, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிப் பகுதியின் வடிகால் துளையில் விட்டுக் குடைந்தார். முதலில் துருப் பொடி வந்தது, பிறகு மெல்லிசாக, மாவு மாதிரி ஆற்று வண்டல் கொட்ட ஆரம்பித்தது. ஒரு கை நிறைய வந்திருக்கும். அந்த வண்டல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உள்ளிருந்தே தகரத்தைத் தின்கிறது என்று சொன்னார். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் யார் பழைய கார் வாங்கினாலும் இந்தத் துளையைக் குடைந்து பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். உவரி, திருச்செந்தூர் மாதிரி கடற்கரையில் நின்ற வண்டியாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும்.

இதில் ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. பத்மினிக்குத் தனியாகச் சேசிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது, பாடியும் ஃப்ளோரும் சேர்ந்துதான் வண்டியைத் தாங்குகின்றன, அம்பாசடரும் அப்படித்தான். மெட்ராஸில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு போலத் தனிச் சேசிஸ் உள்ள வண்டி என்றால் பாடியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு வேலை பார்க்கலாம். இங்கே ஃப்ளோர் போனால் வண்டியே போன மாதிரி. கதவுக்குக் கீழே இருக்கும் பெட்டிப் பகுதியை வெட்டுவதற்கு முன்னால் கதவு வாசலில் குறுக்கே பைப் வைத்து வெல்டு அடித்து நிறுத்தாவிட்டால் பாடி நடுவில் தொய்ந்துவிடும், அப்புறம் எந்தக் கதவும் ஒழுங்காகச் சாத்தாது. கதவு இடைவெளி மேலேயும் கீழேயும் ஒரே அளவாக இருக்கிறதா என்று அவர் அளந்து பார்த்தது இதற்காகத்தான். எங்களுடையதில் ஒரே அளவாக இருந்தது. ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார்த்ததில் டிரைவர் பக்க ஃப்ளோரில் இரண்டு இடம் பொத்துக்கொண்டது, பின்பக்கம் பட்டை ஸ்பிரிங் மாட்டும் இடம் கெட்டியாக இருக்கிறது. காந்தத்தை வைத்துப் பாடி முழுக்கத் தடவினார், பின் மட்கார்டில் மட்டும் பிடிக்கவில்லை, அங்கே பள்ளத்தை மெழுகி மறைக்கும் பட்டி கனமாகப் போட்டிருக்கிறார்கள்.

என்ஜினைப் பற்றி நான்தான் அதிகம் பயந்தேன், அவர் அதிக நேரம் செலவழிக்கவில்லை. 1,089 சிசி, நாலு சிலிண்டர், கையால் சுற்றினால் சுற்றுகிறது, சிலிண்டரின் உள்சுவரில் கோடு விழவில்லை, அது போதும் என்றார். சிலிண்டருக்கு மேலே மூடியிருக்கும் ஹெட் அலுமினியம், சூடேறிய வண்டியில் வளைந்திருக்கும், அதை மட்டும் சீவி மட்டமாக்கும் ஃபேஸிங் பார்த்துக்கொள்ள வேண்டும். பத்மினி பம்பாயில் 2023 அக்டோபர் வரை டாக்சியாக ஓடிய மாடல் என்பதால் ஓடுவதற்கு வேண்டிய சாமானுக்கு இன்னும் வழி இருக்கிறது. இப்போது வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் தாங்காது, அதனால் பெட்ரோல் ஹோஸும் பம்பு டயாஃப்ரமும் நல்லதாகத் தெரிந்தாலும் மாற்றிவிடச் சொன்னார்.

எனக்கு மிகவும் பிடித்தது அதற்குப் பிறகு நடந்ததுதான். சிமெண்டுச் சாக்குகளிலும் ஹார்லிக்ஸ் பாட்டில்களிலும் நாங்கள் கொண்டுபோன சாமான்களை ஒரு தார்பாயில் கொட்டி, சாக்பீஸால் முன்பக்கம், டேஷ்போர்டு, கதவு, பின்பக்கம் என்று கட்டம் போட்டு, பட்டறைப் பையனை வைத்து ஒவ்வொன்றையும் அதனதன் கட்டத்தில் அடுக்கினார். அடுக்கி முடித்தபோது எது காலியாக இருக்கிறது என்று நாங்களே பார்த்துவிட்டோம். இடது பின் லைட், முன் கண்ணாடி பீடிங், ஒரு கதவின் கண்ணாடி ஏற்றும் மிஷின், ஹேண்ட் கியர் இணைப்பில் இரண்டு புஷ், மீட்டர் கேபிள். கிரில், பம்பர், கைப்பிடிகள் எல்லாம் இருந்தன. பெரியம்மா அதுவரை ஓரமாகப் பேசாமல் நின்றவர்கள், ஸ்டீயரிங் வளையத்தை எடுத்து முந்தானையால் துடைத்து அதன் கட்டத்தில் வைத்தார்கள்.

தாளில் கடைசியாகத் தொகை போட்டிருந்தார். ஃப்ளோர், பெட்டிப் பகுதி வெல்டிங் 45,000. பிரேக், ஸ்டீயரிங், டயர் 40,000. என்ஜின் ஏற்றி ஓட விடுவது 35,000. விடுபட்ட சாமான்களுக்கு 15,000 வரை. பெயிண்ட், சீட், குரோம் எல்லாம் தனிப் பக்கத்தில், தொகையே போடாமல். ஏன் என்று கேட்டதற்கு, "அது ஒங்க ஆசைக்குத் தக்கன போகும், நா என்னத்தச் சொல்ல? மொத மூணும் முடிஞ்சா வண்டி எஃப்.சி.க்கு நிக்கும். அதுக்கு மேல விக்கணும்னாலும் வில வரும், வச்சிக்கிடணும்னாலும் வச்சிக்கிடலாம்" என்றார்.

இது சரியான யோசனை என்று நான் முழுமனசாக நம்புகிறேன். முடிப்பதா விற்பதா என்று மொத்தமாகக் கேட்கும்போது பெயிண்ட் பளபளப்பு வரைக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டு மலைத்துப்போகிறோம். ஓடும் நிலை வரைக்கும் கணக்கு வேறு, அழகு வரைக்கும் கணக்கு வேறு. போட்ட காசை விற்று எடுக்கலாம் என்று பத்மினியில் இறங்கக் கூடாது, அது அபூர்வமான வண்டி இல்லை, 2001 வரை குர்லாவில் தயாராகி நாடு முழுக்க ஓடியது. வீட்டில் யாராவது ஒருவருக்காவது அதை ஓட்ட வேண்டும் என்று இருந்தால் ஓடும் நிலைக்குக் கொண்டுவரலாம். யாருக்கும் இல்லை என்றால் சாமான் இன்னும் தொலைவதற்குள், எல்லாவற்றையும் பேர் எழுதிக் கட்டி, முழுசாக ஒரே ஆளுக்கு விற்றுவிட வேண்டும். ஒன்றும் செய்யாமல் இன்னொரு மழைக்காலம் கொட்டகையில் நிறுத்தி வைப்பதுதான் இரண்டையும் கெடுக்கிறது.

வேலை பிடிப்பதற்காக எல்லோரையும் முடிக்கச் சொல்கிற இடமோ என்ற சந்தேகம் எனக்கும் இருந்தது. நாங்கள் நின்றபோதே ஆலங்குளத்திலிருந்து ஒருவர் அம்பாசடர் கொண்டுவந்திருந்தார். பார்க்க எங்களுடையதைவிட நல்ல வண்டி, பெயிண்டுகூட முடிந்துவிட்டது. ஆனால் வேறு டீசல் என்ஜின் ஏற்றியிருக்கிறார்கள், அது ஆர்.சி.யில் ஏறவில்லை, விற்றவர் எங்கே இருக்கிறார் என்றும் தெரியவில்லை. இதில் இனி ஒரு ரூபாய் போடாதீர்கள், சாமானாகப் பிரித்து விற்கும்போதுகூட ஆர்.சி.யை முறையாக ரத்து செய்துவிட்டுப் பண்ணுங்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பினார். வந்தவர் முகம் வாடிப்போனது, ஆனாலும் அதை அவருக்கு யாராவது சொல்லத்தான் வேண்டும்.

குறைகளும் உண்டு. போன் எடுக்கவே மாட்டார்கள், நேரில் போய்த்தான் நாள் கேட்க வேண்டும். சொன்ன நாளில் பார்ப்பதும் நிச்சயமில்லை, எங்களை ஒருமுறை திருப்பி அனுப்பினார்கள், கல்லிடைக்குறிச்சியிலிருந்து வருகிறவர்களுக்கு அது சின்ன அலைச்சல் இல்லை. உட்கார ஒரு பெஞ்சுகூடக் கிடையாது, பெரியம்மாவை எதிர்ப்புற டீக்கடையில்தான் உட்கார வைத்தேன். ஒயரிங் வேலை அங்கே கிடையாது, பெயிண்ட் கிடையாது. ஷெட் முக்கால்வாசி திறந்தே கிடப்பதால் அடித்த பிரைமர் மேல் ரோட்டுப் புழுதி படிகிறது, இதற்கு அவர்கள் ஒரு படுதாவாவது கட்டலாம். வேலை நடக்கும்போது போட்டோ அனுப்பச் சொல்லியும் அனுப்பவில்லை, வெளிநாட்டில் இருக்கும் ஆட்களுக்கு அது ரொம்ப முக்கியம்.

ஆனால் பணம் வாங்கும் முறை எனக்குத் திருப்தி. மொத்த அட்வான்ஸ் கேட்பதில்லை. ஒரு கட்டத்துக்கு மட்டும் வாங்குவார்கள், அது முடிந்து நாம் பார்த்த பிறகு அடுத்தது. பெரியப்பா வண்டி நின்றுபோனதே மொத்தமாகக் கொடுத்ததால்தான். நடுவில் காசு தீர்ந்தாலும் இந்த முறையில் ஒரு வேலை முழுசாக முடிந்திருக்கும்.

நாங்கள் ஃப்ளோர் வேலையைக் கொடுத்துவிட்டோம். அண்ணன் ஒத்துக்கொண்டார், பெரியம்மா ஆர்.சி.யைத் தன் பெயருக்கு மாற்றக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். எஃப்.சி. வாங்கிய பிறகு விற்பதா வைத்துக்கொள்வதா என்பதைப் பெரியம்மாதான் சொல்ல வேண்டும், அதில் நாங்கள் யாரும் தலையிடப் போவதில்லை.

போகிறவர்கள் காலையில் சீக்கிரம் போங்கள், மதியத்துக்கு மேல் வெயிலில் பாடியைத் தொட முடியாது, அவரும் பார்க்க மாட்டார். ஆர்.சி. ஒரிஜினலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய சாமான் ஒவ்வொன்றும், துருப்பிடித்த போல்ட் உட்பட, கூடவே போக வேண்டும். பிரேக் இல்லாத வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போகாதீர்கள், பத்தமடையிலிருந்து பேட்டை வரைக்கும் பஸ் போக்குவரத்து அதிகம், ரெக்கவரி வண்டியில் ஏற்றிவிடுங்கள்.