காது மிஷின் வாங்கப் போறீங்களா? இரைச்சலில் போட்டுப் பார்த்து வாங்குங்கள்

அப்பா 32 வருடம் சேலம் அம்மாபேட்டையில் விசைத்தறி ஓட்டியவர். சத்தம் கேட்கும், பேச்சு புரியாது. நாலு பேர் சேர்ந்து பேச ஆரம்பித்தால் எழுந்து திண்ணைக்குப் போய்விடுவார். போன வருடம் வேறொரு கடையில் ஒரு காதுக்கு மட்டும் மிஷின் வாங்கினோம். அமைதியான அறையில் மாட்டிவிட்டு "கேட்குதாங்கய்யா?" என்றார்கள், இவரும் தலையாட்டினார், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்தால் மிக்சி, டிவி, பேத்தி எல்லாம் ஒரே இரைச்சலாக வருகிறது என்று கழற்றி டப்பாவில் போட்டுவிட்டார்.

ஐந்து ரோடு பக்கம் இருக்கும் இந்தக் கடைக்கு வந்த பிறகுதான் காரணம் புரிந்தது. தறிச் சத்தம் முதலில் அடிப்பது கீச்சென்ற மேல் ஒலிகளைத்தானாம், 4000 ஹெர்ட்ஸ் பக்கம். ச, ஸ மாதிரி எழுத்துகள் மங்கிவிடும், 'பசி'க்கும் 'பதி'க்கும் வித்தியாசம் தெரியாது. அப்புறம் கூட்டத்தில் ஒரு குரலைப் பிரித்துப் பிடிப்பது மூளையின் வேலை, அதற்கு இரண்டு காதும் வேண்டும் என்றார் அங்கே காதைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்ட் அம்மா. இடப்பக்கத்திலிருந்து வரும் சத்தம் வலது காதை எட்ட ஒரு மில்லி செகண்டுக்கும் குறைவாகத்தான் தாமதமாகும், அந்தத் துளி நேரத்தை வைத்தும் யார் எங்கிருந்து பேசுகிறார் என்று மூளை கண்டுபிடிக்கிறது. ஒரு காதில் மட்டும் மாட்டிய அப்பாவுக்கு அந்தக் கணக்கே கெட்டுப் போயிருந்தது.

முன்னால் ஒரு ஸ்பீக்கரில் பேச்சு, பின்னால் சந்தை இரைச்சல், அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே கேட்டதைத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். அப்படிப் பார்த்துத்தான் இரண்டு காதுக்கும் தேர்ந்தெடுத்தார்கள், முன்பக்கப் பேச்சைத் தூக்கிக் கொடுக்கும் மைக் உள்ள மிஷின். வாங்குவதற்கு முன் ஒரு வாரம் வீட்டில் போட்டுப் பார்க்கவும் கொடுத்தார்கள், இது பெரிய விஷயம்.

பேசும் முன் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்றும் ஆடியாலஜிஸ்ட் அம்மா சொன்னார். ஏன் என்று தேடிப் படித்தேன். 1953ல் காலின் செர்ரி என்பவர் இரண்டு காதிலும் வேறு வேறு பேச்சைப் போட்டு ஒன்றைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். கேட்டவர்களும் சொன்னார்கள், ஆனால் மறு காதில் இங்கிலீஷ் ஜெர்மனாக மாறியதுகூட அவர்களுக்குத் தெரியவில்லை! 1959ல் நெவில் மோரே செய்த சோதனையில், கவனிக்காத காதில் சொந்தப் பெயர் வந்தபோது மட்டும் மூன்றில் ஒருவர் போலக் கண்டுகொண்டார்கள். இப்போது வீட்டில் எல்லோரும் "அப்பா" என்று கூப்பிட்டு, அவர் திரும்பிய பிறகுதான் பேசுகிறோம்.

போன ஞாயிறு தட்டுவடை செட் கடையில் ரோட்டுக்கு முதுகு காட்டி, பேத்திக்கு நேராக அவரை உட்கார வைத்தோம். அவள் நொறுக்கல் கேட்டதும் இவரே கடைக்காரரிடம் சொல்லி வாங்கிக் கொடுத்தார். பஸ் ஸ்டாண்டு மாதிரி இடத்தில் இன்னும் தடுமாறுகிறார், அது உண்மை.

குறை என்றால், கடை மாடியில் இருக்கிறது, லிஃப்ட் கிடையாது, வயசானவர்கள் வரும் இடத்தில் இது சரியில்லை. விலையும் கூடுதல்தான். போன் செய்து நேரம் வாங்கிக்கொண்டு போங்கள், இரைச்சல் டெஸ்டுக்கே முக்கால் மணி நேரம் ஆகும், பெரியவர்களைச் சாப்பிட வைத்துக் கூட்டிப் போங்கள்.