பொருளா, பணமா, பேருந்தா: அரசு செலவின் ஆதாயம் யாருக்கு?

தமிழ்நாட்டில் பெரிய நலத்திட்டம் என்றால் தொடக்க விழா செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில்தான். 2006இல் இலவச வண்ணத் தொலைக்காட்சி, 2011இல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி, 2023இல் மகளிர் உரிமைத் தொகை. ஆட்சி மாறினாலும் தேதி மாறவில்லை. பெண்களுக்கான கட்டணமில்லாப் பேருந்துக்கு மட்டும் அப்படியொரு மேடை அமையவில்லை. 2021 மே 7இல் பதவியேற்ற அன்றே ஸ்டாலின் கையெழுத்திட்டார், மறுநாள் நடைமுறைக்கு வந்தது, 10ஆம் தேதி ஊரடங்கில் பேருந்துகளே நின்றுபோயின. ஆனாலும் பொருள், பணம், பேருந்து மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என் ஓட்டு பேருந்துக்குத்தான்.

பொருளாகக் கொடுக்கும்போது முதல் ஆதாயம் டெண்டர் எடுத்தவருக்கு. கோடிக்கணக்கான ரூபாய் சில நிறுவனங்களுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் மிக்சி வீட்டுக்கு வருகிறது. ஏற்கெனவே மிக்சி இருக்கிறது, வேறு ஏதாவது கொடுங்கள் என்று அந்தப் பெண் கேட்க முடியாது. தொலைக்காட்சியில் இன்னொரு கணக்கும் உண்டு: பெட்டி இலவசம், கேபிள் சந்தா மாதாமாதம் குடும்பத்தின் தலையில்.

அடுத்த ஆதாயம் புகழ். மடிக்கணினி, மிக்சி, புத்தகப்பை எல்லாவற்றிலும் முதல்வர் படம். 2021இல் ஆட்சி மாறியபோது பழைய முதல்வர்களின் படம் அச்சிட்ட பைகள் லட்சக்கணக்கில் கையிருப்பில் இருந்தன. படத்தை மாற்ற 13 கோடி ரூபாய் ஆகும் என்றார்கள். அப்படியே கொடுத்துவிடுங்கள், அந்தப் பணம் மாணவர்களுக்கு ஆகட்டும் என்று முடிவானது. மனமாரப் பாராட்ட வேண்டிய முடிவு அது.

தேவையில்லாத பொருள் என்ற குறையிலிருந்து மட்டும் மடிக்கணினியைத் தள்ளி வைக்கிறேன். பிளஸ் டூ பிள்ளைக்குக் கணினி வாங்கித்தர முடியாத வீடுகளுக்கு அது நேராகப் போய்ச் சேர்ந்தது. கையில் பணமாகக் கொடுத்திருந்தால் வீட்டுக் கடனுக்குப் போயிருக்கும்.

பணம் இதைவிட நேர்மையான வழி. 2022 பொங்கல் தொகுப்பில் 21 பொருட்கள் கொடுத்து, வெல்லம் உருகுகிறது, தரமில்லை என்று ஊரெல்லாம் புகார். அடுத்த பொங்கலுக்கு அரிசி, சர்க்கரை, கரும்போடு ஆயிரம் ரூபாய் ரொக்கம் வந்தது. உரிமைத் தொகையில் வங்கிக் கணக்குக்கே பணம் வருவதால் நடுவில் சப்ளையர் இல்லை. தொடக்கத்தில் 1 கோடியே 6 லட்சம் பெண்கள் பயன்பெற்றார்கள். 2024-25 பட்ஜெட்டில் 13,720 கோடி ஒதுக்கினார்கள். சரி, யாருக்குக் கிடைக்கும்? ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் என்று நிபந்தனைகள். ஒரே மீட்டரில் இரண்டு குடித்தனம் ஓடும் வீட்டில் இந்தக் கணக்கு யாரைப் பாதிக்கும்? தகுதியை முடிவு செய்யும் அதிகாரம் இன்னும் அலுவலகத்தில்தான் இருக்கிறது.

பேருந்துக்கு விண்ணப்பமே வேண்டாம். ஏறினால் போதும், கண்டக்டர் கட்டணமில்லா டிக்கெட் கொடுப்பார். தேவைப்படாதவர் ஏறமாட்டார், தேவைப்படுகிறவர் தினமும் ஏறுவார். ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 800 ரூபாய்க்கு மேல் மிச்சம் என்று மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு சொன்னது. வீட்டு வேலைக்கும் ஜவுளிக்கடைக்கும் போகிற பெண்ணின் கையில் அது பெரிய தொகை. தூரத்திலிருந்தும் ஆள் கிடைப்பதால் கடை முதலாளிக்கும் லாபம், அதை நான் குறையாகப் பார்க்கவில்லை. அப்புறம் இதற்கும் ‘விடியல் பயணம்’ என்று திமுகவின் தேர்தல் முழக்கத்தை நினைவூட்டும் பெயர் வந்தது, பேருந்தின் முகப்பு பிங்க் ஆனது. புகழ் ஆசை இதையும் விட்டுவைக்கவில்லை.

நஷ்டப்படுவது யார் என்றும் பார்க்க வேண்டும். மலைப்பகுதிகளை விட்டால், சலுகை சாதாரணக் கட்டண நகரப் பேருந்துக்கு, அதாவது வெள்ளை போர்டு வண்டிக்கு மட்டும்தான். வெள்ளை போர்டு வண்டி நாளுக்கு இரண்டு தடவை மட்டும் வரும் கிராமத்துப் பெண்ணுக்கு இந்தச் செலவில் பெரிதாக ஒன்றும் கிடைப்பதில்லை. அரசு தரும் ஈட்டுத்தொகையை நம்பித்தான் போக்குவரத்துக் கழகங்கள் வண்டியை ஓட்டுகின்றன. அது குறைந்தாலோ தாமதித்தாலோ கழகம் முதலில் கைவைக்கக்கூடியது வசூல் குறைந்த இந்த நடைகளில்தான். எந்தத் தடத்தில் எத்தனை வெள்ளை போர்டு நடை ஓடுகிறது, போன வருஷம் எத்தனை ஓடியது என்று ஒவ்வொரு டெப்போ வாசலிலும் மாதாமாதம் எழுதிப்போடச் சொல்லி நாம் கேட்க வேண்டும்.