பி5.ஜேஎஸ்ஸில் தமிழ் எழுத்து: எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

வடிவமைப்பு படிப்பவர்கள் எழுத்தை அசைத்துப் பார்க்க முதலில் எடுப்பது பெரும்பாலும் பி5.ஜேஎஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தைத்தான். எதையும் நிறுவ வேண்டாம், பிரவுசரிலேயே எடிட்டர், பத்து வரியில் ஒரு சொல் மவுஸைத் துரத்த ஆரம்பித்துவிடும். தமிழுக்கும் தாராளமாக எடுக்கலாம். ஆனால் வழக்கமான பாடங்கள் காட்டும் பாதையில் போனால் எழுத்து உடைந்துவிடும்.

பி5-இன் 1.x பதிப்புகளில் லோட்ஃபாண்ட் என்ற கட்டளை கொண்டு எழுத்துருவை ஏற்றினால், எழுத்தை வரைவது பிரவுசர் இல்லை, ஓப்பன்டைப்.ஜேஎஸ் என்ற நூலகம். ‘பெ’ என்று சேமிக்கும்போது ப முதலில், கொம்பு அடுத்து இருக்கும். கொம்பை முன்னால் கொண்டுவருவது ஷேப்பிங்கின், அதாவது குறிகளை உரிய இடத்தில் உரிய வடிவில் பொருத்தும் படியின், வேலை. அந்த நூலகம் தமிழுக்கு அதைச் செய்வதில்லை. அதனால் ‘பெண்’ணில் கொம்பு ப-வுக்குப் பின்னால் போய் நிற்கும், ‘கூடு’வில் ஊகார, உகரக் குறிகள் ஒட்டாமல் தனியே கிடக்கும். எழுத்தைப் புள்ளிகளாக்கும் டெக்ஸ்ட்டூபாயிண்ட்ஸும் இதே நூலகத்தை நம்புவதால் அங்கும் இதே கதிதான்.

மாற்றுவழி எளிது. எழுத்துருவை சிஎஸ்எஸ்ஸில் அறிவித்து, டெக்ஸ்ட்ஃபாண்ட்டுக்குப் பெயரை மட்டும் கொடுங்கள். ஷேப்பிங்கைப் பிரவுசர் பார்த்துக்கொள்ளும். புள்ளிகள் வேண்டுமா? கிரியேட்கிராஃபிக்ஸில் ஒரு மறைவுப் பலகை எடுத்து, சொல்லை 200 பிக்சலில் எழுதி, 6 பிக்சலுக்கு ஒருமுறை ஆல்ஃபா மதிப்பை (ஒளிபுகாமையின் அளவு, 0 முதல் 255 வரை) பாருங்கள். 128-ஐத் தாண்டினால் அது ஒரு புள்ளி. பலகையின் பிக்சல்டென்சிட்டி (பிக்சல் அடர்த்தி) 1 ஆக இருக்கட்டும். அடர்த்தி 2 உள்ள திரையில் பிக்சல் வரிசை நான்கு மடங்காகி, கணக்கு முழுக்கத் தப்பும். பலகை உயரம் எழுத்தளவைப்போல் இரண்டு மடங்காவது வேண்டும், இல்லாவிட்டால் ‘ழூ’வின் வால் வெட்டுப்படும். இதையெல்லாம் செட்டப்பில் ஒரே முறை செய்யுங்கள். டிராவுக்குள் வைத்தால் ஒவ்வொரு ஃபிரேமிலும் ஓடி, அசைவு தடுமாறும்.

எழுத்துரு வந்துசேரும்வரை கேன்வாஸ் காத்திருக்காது. ஆகவே எழுத்துருவை ஏற்றும் பிரவுசர் கட்டளையான டாக்குமென்ட்.ஃபாண்ட்ஸ்.லோட் முடிந்தபிறகே வரையுங்கள். அதன் இரண்டாவது மதிப்பாக ஒரு தமிழ்ச் சொல்லைக் கொடுப்பது முக்கியம். கொடுக்காவிட்டால் வெறும் இடைவெளியை வைத்துத்தான் சோதிக்கும். யூனிகோட் வரம்பு வாரியாகப் பிரித்த எழுத்துருவில் தமிழ்க் கோப்பு இறங்காமலே போகலாம்.

எழுத்தெழுத்தாக அசைக்க, சொல்லைத் துண்டாக்கும் ஸ்ப்ளிட்டை நம்பக் கூடாது. ‘தமிழ்’ அதில் ஐந்து துண்டாகும், புள்ளிக்குக் கீழே வெற்று வட்டம் தோன்றும். பிரவுசரிலேயே இருக்கும் எழுத்துப் பிரிப்பானான இன்டெல்.செக்மென்டர் (Intl.Segmenter) சரியாக மூன்றாகப் பிரிக்கும். க்ஷ, ஸ்ரீ இரண்டையும் அதுவும் பிளந்துவிடுவதால், அவற்றை நாமே ஒட்டிக்கொள்ள வேண்டும்.

கேன்வாஸில் வரைந்த சொல்லைத் தேர்ந்தெடுக்க முடியாது, திரைவாசிப்பானும் படிக்காது. பி5-இன் டிஸ்கிரைப் கட்டளை கொண்டு விளக்கம் சேர்ப்பது அவசியம். தடிமன் மட்டும் மாறினால் போதுமென்றால் பி5-ஐயே எடுக்க வேண்டாம். நோட்டோ சான்ஸ் தமிழின் வேரியபிள் எழுத்துருவில் தடிமன் 100 முதல் 900 வரை நகரும். சிஎஸ்எஸ் டிரான்சிஷன் ஒன்று போதும், சொல்லும் தேடலுக்கு அகப்படும் எழுத்தாகவே இருக்கும்.