சரிவான நிலத்தில் தோட்டம் போடக் கொடுக்கிறீர்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

மூன்றே கால் லட்சம். தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே எழுதப்போகிற அத்தனை அலங்கோலத்துக்கும் நாங்கள் கொடுத்த விலை அது. இந்த நிமிடம் வரை அதில் ஒரு காசுகூடத் திரும்பி வரவில்லை.

பெயர் சொல்லவில்லை. வீட்டு வேலைகளுக்கு ஆட்களைச் சேர்த்துவிடும் ஒரு செயலி. அதில் கிராமத்து வீடுகளுக்கு லேண்ட்ஸ்கேப்பிங் செய்யும் நிபுணர்கள் என்று போட்டிருந்த ஒரு குழு. இரண்டு பேருக்கும் இதில் பங்கு உண்டு.

எங்கள் வீடு சரிவில் இருக்கிறது. மேல்பக்கம் சரளை கலந்த செம்மண், ஊற்றிய தண்ணீர் நின்று பார்க்கக்கூட நேரம் இருக்காது. கீழ்ப்பக்கம் கரிசல். மழையில் உப்பும், வெயிலில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். ஒரே மனைக்குள் இப்படி இரண்டு மண் இருப்பதால்தான் தொழில் தெரிந்தவர்களைத் தேடினோம். நாலு செடி நடுவதற்கு யாரும் லட்சக்கணக்கில் கொடுப்பதில்லை.

பார்வையிட வந்த சூப்பர்வைசர் செய்ததை விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களிடமும் இதையேதான் செய்வார்கள். நிலம் முழுக்க நடந்தார். மூன்று இடத்தில் குனிந்து மண் எடுத்து, தனித்தனி பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டார். பையின் மேல் மார்க்கரால் ‘மேல்’, ‘நடு’, ‘கீழ்’ என்று எழுதினார். “ஒவ்வொரு மண்ணுக்கும் ஒவ்வொரு வைத்தியம் சார். லேப் ரிப்போர்ட் வராம நாங்க ஒரு குழிகூடத் தோண்ட மாட்டோம்” என்றார். அம்மா மட்டும், “தம்பி, மழைத் தண்ணி எந்தப் பக்கமா போகும்?” என்று கேட்டார். “எல்லாம் டிசைன்லயே இருக்கும்மா, நீங்க கவலையே படாதீங்க.” அந்த மூன்று பைகளைப் பார்த்த பிறகு யார்தான் சந்தேகப்படுவார்கள்? அன்று சாயங்காலமே பாதிப் பணத்தை அனுப்பினோம். மீதியை வேலை முடியும் முன்பே தவணை தவணையாக வாங்கிக்கொண்டார்கள். மொத்தம் மூன்றே கால் லட்சம்.

லேப் ரிப்போர்ட் வரவில்லை. பொக்லைன்தான் வந்தது.

மேட்டை வெட்டிப் பள்ளத்தில் தள்ளினார்கள். செடிக்கு உயிர் கொடுப்பது மேல்மண்தான். அதை முதலில் தனியாகச் சுரண்டிக் குவித்து வைத்து, மட்டம் பார்த்து முடித்தபின் மேலே பரப்ப வேண்டும். இவர்கள் அதை அடியில் போட்டுப் புதைத்துவிட்டு, அடியிலிருந்த செத்த மண்ணை மேலே கொண்டுவந்தார்கள். கொட்டிய மண்ணை அரை அடி அரை அடியாகப் போட்டு இறுக்க வேண்டும் என்பதையும் செய்யவில்லை. மொத்தமாகக் கொட்டி, அதன் மேலேயே வண்டியை நாலு முறை ஓட்டினார்கள். மேலே கல் மாதிரி இறுகிவிட்டது, உள்ளே பொலபொலவென்று இருந்தது.

அந்த மண்ணைத் தாங்க கீழே ஆள் நெஞ்சு உயரத்துக்கு ஒரு சுவர். சுவருக்குப் பின்னால் ஜல்லி நிரப்பவில்லை, தண்ணீர் வெளியேற ஒரு ஓட்டைகூட விடவில்லை. பின்னால் தண்ணீர் தேங்கி நிற்க விட்டால் சுவர் மீது விழும் அழுத்தம் காய்ந்த மண்ணின் அழுத்தத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிடும். எந்தக் கொத்தனாரைக் கேட்டாலும் ஓட்டை விடாமல் இப்படிச் சுவர் கட்டக் கூடாது என்பார். முதல் பெருமழையில் நடுவில் வயிறு தள்ளியது. இரண்டாவது மழையில் சரிந்தது. நல்லவேளை, அந்த நேரத்தில் அங்கே யாரும் இல்லை.

வாசலுக்குப் போட்ட சிமென்ட் தளம் வீட்டைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறது. சுவரிலிருந்து முதல் பத்து அடிக்குள் தரை அரை அடியாவது வெளிப்பக்கம் இறங்க வேண்டும். இங்கே தண்ணீர் நேராக வாசற்படிக்கு வருகிறது. அம்மா கேட்ட ஒரே கேள்விக்கு இதுதான் அவர்கள் கொடுத்த பதில்.

செடிகளைப் பற்றி எழுதவே வயிறு எரிகிறது. கரிசலில் குழி தோண்டி, லேசான உரமண் கலவையை நிரப்பி மரக்கன்றுகளை வைத்தார்கள். சுற்றிலும் களி என்பதால் குழிக்குள் இறங்கிய தண்ணீர் வெளியே போகாமல் நின்று, வேர்கள் அழுகின. சுண்ணாம்பு மிகுந்த அந்த மண்ணில் வரிசையாக இட்லிப்பூச் செடி வைத்தார்கள். அப்படிப்பட்ட மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் அந்தச் செடியால் எடுத்துக்கொள்ள முடியாது. நரம்பு மட்டும் பச்சையாக, இலை முழுக்க மஞ்சளாகிவிட்டது. ஒரு மண் பரிசோதனை செய்திருந்தால் இரண்டுமே நடந்திருக்காது.

அந்தப் பரிசோதனைக்கு எடுத்த மண் எங்கே இருந்தது தெரியுமா? மோட்டார் ரூமுக்குப் பின்னால். மூன்று பைகளும் முடிச்சுகூட அவிழ்க்காமல் கிடந்தன. படம் எடுத்து அனுப்பினேன். “அது எக்ஸ்ட்ரா சாம்பிள் சார்” என்று பதில் வந்தது. சரி, அப்படியென்றால் ரிப்போர்ட்டை அனுப்புங்கள் என்றேன். அதன் பிறகு சூப்பர்வைசர் லீவு, அப்புறம் வேறு சைட்டில் பிசி, அப்புறம் அவர் வேலையை விட்டே போய்விட்டாராம். புதிதாகப் பேசியவர், நாங்கள் தண்ணீர் அதிகமாக விட்டதால்தான் செடி செத்தது என்றார். சுவர் விழுந்தது இயற்கைச் சீற்றமாம், வாரண்டியில் வராதாம். வழக்கமாகப் பெய்கிற மழை எப்படி இயற்கைச் சீற்றம் ஆகும் என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார்.

செயலியின் கஸ்டமர் கேரில் இதைவிட மோசம். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். “உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்” என்பார்கள், 2 நாளில் கூப்பிடுவோம் என்பார்கள், யாரும் கூப்பிட மாட்டார்கள். கடைசியில், இது உங்களுக்கும் சேவை கொடுத்தவருக்கும் இடையிலான விஷயம், நாங்கள் அறிமுகம் மட்டும்தான் செய்கிறோம் என்று சொல்லிப் புகாரை மூடிவிட்டார்கள். பணத்தைத் தங்கள் கணக்கில் வாங்கும்போது இதைச் சொல்லவில்லையே! நான் எழுதிய ஒற்றை நட்சத்திர விமர்சனமும் காணாமல் போய்விட்டது. அந்தக் குழு மட்டும் இன்றும் பட்டியலில் மேலேயே இருக்கிறது. அங்கே மூன்றே கால் லட்சத்தை யாரிடம் கேட்பது?

என்னென்ன பார்த்து ஆள் வைக்க வேண்டும் என்று நீளமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது பொறுமை இல்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். மண் பரிசோதனையை நீங்களே கொடுங்கள், முடிவு கையில் வந்தபின் ஆளைக் கூப்பிடுங்கள். ஒரு அடி ஆழக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். மறுநாளும் தண்ணீர் அப்படியே நின்றால், அந்த இடத்துக்கு என்ன செய்யப் போகிறார்கள் என்று எழுதி வாங்குங்கள். வரைபடத்தில் மழைத்தண்ணீர் போகும் வழியை அம்புக்குறி போட்டுக் காட்டச் சொல்லுங்கள். காட்டாத ஆளை அப்படியே அனுப்பிவிடுங்கள். கொட்டேஷனில் ‘தேவைக்கேற்ப’ என்ற வார்த்தை இருந்தால் அடித்துவிட்டு அளவு எழுதச் சொல்லுங்கள். எங்கள் கொட்டேஷனில் வடிகாலுக்கு நேராக அந்த வார்த்தைதான் இருந்தது, அதைக் காட்டித்தான் இப்போது தப்பிக்கிறார்கள். ஒரு பெருமழை பெய்து முடியும் வரை கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள், எவ்வளவு கெஞ்சினாலும் சரி.