மோல்மீனில் மூன்று பெட்டிகளும் ஒரு சயாவும்

ஊர் போய்ச் சேர்ந்த மறுநாள் காலையில் அண்ணன் மோட்டார் சைக்கிள் பெட்டியைத் திறக்கிறதைப் பார்த்தேன். சாவியை லாக்கில் போட்டு, அதன் வளையத்துக்குள் ஒரு ஸ்குரூடிரைவரை நுழைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினார். சாவியின் கழுத்து முறுக்கிக்கொண்டு போவது எனக்கே தெரிந்தது. "நிறுத்துங்கண்ணே, உள்ளேயே உடைஞ்சிரும்" என்று கத்திவிட்டேன். "ஆறு மாசமா இப்படித்தான்டா தெறக்குறேன்" என்றார்.

அந்தப் பெட்டிகளை 2016ல் நான்தான், நான் இருக்கும் மலேசியாவின் கிள்ளானில் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பின்னால் ஒரு டாப் பாக்ஸ், இரண்டு பக்கமும் சைடு பாக்ஸ். பர்மாவில் ரங்கூன் நகருக்குள் 2003லிருந்து மோட்டார் சைக்கிளுக்குத் தடை. ஆனால் எங்கள் ஊர் மோல்மீனில் வண்டி இல்லாமல் பிழைப்பு இல்லை. (வரைபடத்தில் மௌலமைன் என்று இருக்கும். நம் ஆட்களுக்கு எப்போதும் மோல்மீன்தான்.) அண்ணனுக்கு மசாலா வியாபாரம். மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், அப்பளம் எல்லாம் ஏற்றிக்கொண்டு முடோன், தான்பியூசயாத் என்று தெற்கே போய்க் கடைகளுக்குப் போட்டுவிட்டு வருவார். ஹோண்டா வேவ் வண்டி, தாய்லாந்திலிருந்து வந்தது. கடை வாசலில் பெட்டி திறக்கவில்லை என்றால் அன்றைய வியாபாரம் அங்கேயே நின்றுவிடும். போன மழைக்காலத்தில் தான்பியூசயாத்தில் அரை மணி நேரம் மழையில் நின்று போராடியிருக்கிறார். அதை என்னிடம் சொன்னது அண்ணிதான், அண்ணன் சொல்லவே இல்லை.

2019 டிசம்பர் கடைசியில் மூன்று வார லீவில் போயிருந்தேன். உறவுக்காரர் வீடுகள், கோயில், சாப்பாடு எல்லாவற்றுக்கும் முன்னால் இந்தப் பெட்டியைச் சரிபண்ண வேண்டும் என்று தோன்றியது. ஊருக்குப் போகிறவர்களுக்கும், இப்படிப் பெட்டி கட்டி வண்டி ஓட்டுகிறவர்களுக்கும் உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் போனது வண்டி உதிரிபாகம் விற்கும் ஒரு கடை. பெயர் வேண்டாம். அண்ணன் ஏற்கெனவே இரண்டு முறை போன கடைதான். பையன் வந்தான், பெட்டியைப் பார்க்கக்கூட இல்லை, எண்ணெய்க் குப்பியை எடுத்து லாக்கிலும் கொக்கியிலும் ரப்பரிலும் ஊற்றினான். பிளையரால் சாவியைப் பிடித்து இரண்டு திருகு. திறந்தது. 2,000 கியாட் (பர்மாப் பணம்) வாங்கிக்கொண்டான். மறுநாள் காலையில் முன்னைவிட இறுக்கம். எனக்கு வந்த கோபம் பணத்துக்காக இல்லை. போன இரண்டு தடவையும் இதையேதான் செய்திருக்கிறார்கள், அதனால்தான் இந்த நிலைமை என்பது பிறகு தெரிந்தது.

அடுத்து பெரிய மார்க்கெட் பக்கம் குடை விரித்து உட்கார்ந்திருக்கும் சாவி வெட்டுபவரிடம் போனோம். பர்மாக்காரர், வயது முப்பதுக்குள் இருக்கும். முறுக்கிய சாவியைக் கையில் வாங்கி, கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இதைப் பார்த்து வெட்டினால் இந்த முறுக்கும் தேய்மானமும்தான் புதுச் சாவிக்கும் வரும், பெட்டி வாங்கும்போது கொடுத்த இரண்டாவது சாவி இருந்தால் கொண்டுவாருங்கள் என்று அண்ணனிடம் சொன்னார். அண்ணி அதைச் சாமி அலமாரியில் விபூதித் தட்டுக்கு அடியில் வைத்திருந்தார், ஒரு தடவைகூடப் பயன்படுத்தாத சாவி. அதைப் பார்த்து இரண்டு வெட்டிக் கொடுத்தார், ஒன்று 1,000 கியாட். முதல் சாவியைப் பார்த்தே வெட்டிக் கொடுத்துக் காசு வாங்கியிருக்கலாம், செய்யவில்லை. போகிறபோது, "லாக்கைச் சுத்தம் பண்ணாமல் புதுச் சாவியைப் போடாதீர்கள்" என்றும் சொல்லி அனுப்பினார்.

அவரே வழிகாட்டிய இடம்தான் அந்தப் பட்டறை. நம் தமிழ்ப் பெரியவர், எழுபதை ஒட்டிய வயது. லுங்கி, பனியன், கண்ணாடி மூக்கு நுனியில். பர்மாக்காரர்கள் சயா, அதாவது ஆசான், என்று கூப்பிடுகிறார்கள். அண்ணனும் சயா என்றுதான் கூப்பிட்டார், நானும் அப்படியே கூப்பிட்டேன்.

"பெட்டி மூணையும் கழட்டிக் கீழ வைங்க தம்பி" என்றார். எண்ணெய்க் குப்பி பக்கமே போகவில்லை. தரையில் வைத்த பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடிப் பார்த்தார். வலது பக்கப் பெட்டி தரையில் வைத்ததும் வெண்ணெய் மாதிரி திறந்தது! வண்டியில் மாட்டினால் மறுபடி இறுக்கம். "வண்டி எப்ப விழுந்துச்சு?" என்று கேட்டார். அண்ணன் விழித்தார். போன வருஷம் முடோன் பக்கம் மணலில் சறுக்கியிருக்கிறது. அதில் பெட்டியைத் தாங்கும் கம்பி உள்பக்கமாக ஒரு விரல்கடை வளைந்திருக்கிறது. அந்தக் கம்பியில் மாட்டும்போது பெட்டியே கொஞ்சம் முறுக்கிக்கொள்கிறது, மூடியும் உடம்பும் ஒன்றுக்கொன்று நேராக உட்காரவில்லை, கொக்கி கோணலாக இழுக்கிறது. லாக்கில் ஒரு குறையும் இல்லை. எவ்வளவு எண்ணெய் ஊற்றினாலும் இது சரியாகாது. தரையில் ஒரு தடவை, வண்டியில் ஒரு தடவை திறந்து பார்த்திருந்தால் நாங்களே கண்டுபிடித்திருக்கலாம்.

டாப் பாக்ஸில் சாமான் அதிகம், அவ்வளவுதான். அப்பளக் கட்டு மூடியை உள்ளிருந்து மேலே தள்ளிக்கொண்டே இருந்தது.

இடது பெட்டியில்தான் அவருக்கு வேலை. மூடியின் உள்பக்கம் இருந்த நான்கு திருகுகளைக் கழற்றினார். ஒன்று துருவேறி வரவே மறுத்தது. ஆண்டுக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிற ஊர், திருகு துருப்பிடிக்காமல் என்ன செய்யும்? மண்ணெண்ணெய் ஒரு சொட்டு விட்டு, டீ குடித்துவிட்டு வந்து மெதுவாகத் திருகி எடுத்தார். கொக்கியை வெளியே எடுத்துப் பழைய பேப்பரில் வைத்தபோது நான் குனிந்து பார்த்தேன். ஸ்பிரிங்கைச் சுற்றிக் களிமண் மாதிரி ஒரு பசை. நிறம் நல்ல மஞ்சள். சயா அதை நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தார், என்னிடமும் நீட்டினார். மஞ்சள்தூளேதான்! பொட்டலத்திலிருந்து கசிந்த தூள் கொக்கிக்குள் இறங்கியிருக்கிறது, ரோட்டுப் புழுதியும் சேர்ந்திருக்கிறது, மேலே ஊற்றிய எண்ணெய் இரண்டையும் பிசைந்து வைத்துவிட்டது. எண்ணெய் ஊற்றிய அன்று வழுக்கும், மறுநாளிலிருந்து புழுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பிறகு மூடி விளிம்பில் ஓடும் ரப்பர் பீடிங்கை உருவினார். வலது பெட்டியின் பீடிங்கையும் உருவி இரண்டையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் நீட்டி வைத்தார். ஒரே அளவாக வந்த ரப்பர்கள். இப்போது இடது பக்கத்து ரப்பர் இரண்டு விரல் நீளம் கூடுதல், தொட்டால் கொழகொழவென்று தடிப்பு. "எண்ணெய் குடிச்சு ஊதியிருக்கு தம்பி. ஊதின ரப்பர் மூடியத் தூக்கும், கொக்கி எட்டாது. நீங்க சாவியோட மல்லுக்கட்டுறீங்க" என்றார். இதைக் கேட்டபோது அண்ணன் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. பெட்டி நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் அவரும் மாதம் ஒருமுறை ரப்பருக்கு எண்ணெய் தடவி வந்திருக்கிறார்.

கொக்கியையும் ஸ்பிரிங்கையும் மண்ணெண்ணெயில் போட்டுப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, காய வைத்தார். பெட்டியின் பிளாஸ்டிக்கில் மண்ணெண்ணெயோ பெட்ரோலோ படவே விடவில்லை, அதற்குச் சோப்புத் தண்ணீர்தான். கொக்கி திரும்பும் அச்சில் மட்டும் கடுகளவு கிரீஸ் வைத்து, மிச்சத்தைத் துணியால் வழித்துவிட்டார். லாக்குக்கு எண்ணெயே கிடையாது. உள்ளே கழுவிக் காய்ந்த பிறகு பேரனின் 2பி பென்சிலை வாங்கிப் புதுச் சாவியின் இரண்டு பக்கமும் கருக்கத் தேய்த்தார். உள்ளே விட்டார், எடுத்தார், மறுபடி தேய்த்தார். நாலைந்து தடவைக்குப் பிறகு என் கையில் கொடுத்தார். இரண்டு விரலால் திருப்பினேன். ஸ்குரூடிரைவர் போட்டுத் திருப்பிய அதே லாக்!

ரப்பருக்கு, கார் கதவு பீடிங்கில் அதே தடிமன் பார்த்து வெட்டி, இணைப்பு கொக்கிக்கு நேராக வராமல் தள்ளி ஒட்டினார். மேலே டியூப் பவுடரைத் தடவினார், பஞ்சர் ஒட்டும்போது தூவுவார்களே அதுதான். மழையில் பவுடர் போய்விடும், கிடைத்தால் சிலிகான் கிரீஸ் நல்லது என்றார். நான் அடுத்த முறை கிள்ளானிலிருந்து ஒரு டியூப் கொண்டுவருவதாகச் சொன்னேன். எரியக்கூடிய ஸ்பிரே டின்னை விமானத்தில் விடமாட்டார்கள், ஊருக்குக் கொண்டுபோக நினைப்பவர்கள் டியூபாக வாங்கிக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் 8,000 கியாட் கேட்டார், ஒன்றரை நாள் வேலைக்கு. அண்ணன் பத்தாயிரம் கொடுத்தார். சயா மீதியை எண்ணி அண்ணன் சட்டைப் பையிலேயே போட்டுவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்குப் பின்னால் உட்கார்ந்து தான்பியூசயாத் வரை போனேன். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரர்களின் சயாம்-பர்மா ரயில் பாதை போட மலேயாத் தோட்டங்களிலிருந்து இழுத்து வரப்பட்ட தமிழர்கள் எத்தனையோ பேர் மாண்ட பாதையின் இந்தப் பக்கத்து முனை அது. கிள்ளானில் இருந்துகொண்டு அங்கே போகாமல் வர எனக்கு மனம் இல்லை. கல்லறைத் தோட்டத்தில் கொஞ்ச நேரம் நின்றோம், அங்கே வரிசை வரிசையாக இருப்பது சிப்பாய்களின் கல்லறைகள்தான். அப்புறம் அண்ணனின் வாடிக்கைக் கடைகள். ஒவ்வொரு கடை வாசலிலும் இடது உள்ளங்கையால் மூடியை ஒரு அழுத்து அழுத்திக்கொண்டு சாவியைத் திருப்பினார், சயா சொல்லிக்கொடுத்தபடி. அழுத்தும்போது ரப்பர் கீழே போகிறது, கொக்கியின் பாரம் குறைகிறது, சாவிக்கு வேலை இல்லை. அப்பளக் கட்டு இப்போது தனியாக ஒரு சாக்கில், சீட்டுக்கும் டாப் பாக்ஸுக்கும் நடுவில்.

வலது பக்கக் கம்பியைச் சயா தற்காலிகமாகத்தான் நிமிர்த்தியிருக்கிறார். முழுதும் சரியாக்க அறுத்து வெல்டிங் வைக்க வேண்டுமாம். பொங்கல் கழிந்து வண்டியை இரண்டு நாள் விடச் சொல்லியிருக்கிறார். நான் அதற்குள் கிளம்பிவிட்டேன்.