உணவுத் தொழில் ஆரம்பிக்கறீங்களா? "எல்லாம் நாங்களே முடிச்சுத் தர்றோம்" பேக்கேஜுக்கு பணம் கட்டறதுக்கு முன்னாடி இத படிங்க

ஈரோடு, கோபி, பவானி பக்கம் ஊட்டுலயே பொடி, ஊறுகாய், பலகாரம்னு செஞ்சு விக்கலாம்னு இருக்கறவங்க, முக்கியமா பொம்பளைங்க, கன்சல்டன்சி பீஸுன்னு யாருக்காவது பணம் கட்டறதுக்கு முன்னாடி இத முழுசா படிச்சிருங்க. எங்க நங்கையாவுக்கும் எனக்கும் நடந்தத அப்படியே எழுதறேன். ஆளோட பேர் போடல, புகார் குடுத்திருக்கோம், அது நடந்துட்டு இருக்கு.

நங்கையா (எங்கண்ணன் சம்சாரமுங்க) கைப்பக்குவம் எங்க சொந்தத்துல எல்லாருக்கும் தெரியும். கொள்ளுப்பொடி, பருப்புப்பொடி, அரிசிம்பருப்பு சோத்துக்கு போடற மசால், இந்த மூணும் கேட்டு வாங்கிட்டு போவாங்க. சரி, முறையா லைசென்ஸ் எடுத்து லேபிள் ஒட்டி கடைகளுக்கு போடலாம்னு விசாரிச்சப்போ தெரிஞ்சவங்க ஒருத்தர் மூலமா இந்த ஆள் வந்தார். "அக்கா, நீங்க பொடி அரைக்கறத மட்டும் பாருங்க, மத்தது எல்லாத்தையும் எங்கிட்ட உட்டுருங்க"ன்னார். எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பொருள் செஞ்சு விக்க எடுக்கற பதிவு), உத்யம் (சிறுதொழில் பதிவு), ஜிஎஸ்டி, லேபிள் டிசைன், பேங்குக்கு ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எல்லாம் சேர்த்து 24,000 ரூபா, லோன் வந்தா அதுல தனியா 5 சதவீதம். பில் கேட்டா எல்லா வேலையும் முடிஞ்சதும் மொத்தமா தர்றேன்னார். அந்த பில் இன்னைக்கு வரைக்கும் வரல.

எஃப்எஸ்எஸ்ஏஐ சர்டிபிகேட் மட்டும் ரொம்ப வேகமா வந்துச்சு, நாங்களும் சந்தோசமா பிரேம் போட்டு மாட்டினோம். கோபில ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்கு சாம்பிள் கொண்டு போனப்போ அங்க பர்ச்சேஸ் பாக்கற பெரியவர் சர்டிபிகேட்ட வாங்கி, தொழில் வகைன்னு போட்டிருக்கற வரியில வெரல வெச்சு, "அம்முணி, இது பொட்டிக்கடை, டீக்கடைக்கு எடுக்கறதுங்க, பொடி நீங்களே அரைக்கறீங்கன்னா இதுல உற்பத்தின்னு இருக்கோணும், இத வெச்சு நான் சரக்கு எடுத்தா நாளைக்கு எனக்கும் பிரச்சினை"ன்னார். அப்பத்தான் புரிஞ்சுது. உற்பத்தி இல்லாத சில வகைகளுக்கு ஆன்லைன்ல உடனே பதிவு கெடைச்சிரும், உற்பத்தின்னு போட்டா அதிகாரி பார்த்து சரி சொல்லோணும், நேரம் ஆகும். இவர் சீக்கிரம் முடிக்கோணும்னு வகையவே மாத்தி போட்டுட்டார். அதுக்கு மேல, போன் நம்பர், மெயில் ரெண்டும் அவரோடது, ஓடிபி எல்லாம் அவருக்குத்தான் போகும். எங்க பேர்ல இருக்கற பதிவுல ஒரு எழுத்து மாத்தோணும்னாலும் அவர் கைய எதிர்பார்த்து நிக்கோணும். கேட்டா "திருத்தத்துக்கு தனி சார்ஜ்"ங்கறார்.

இதுக்கு அரசாங்கத்துக்கு கட்டற பணம் எவ்வளவுன்னு நெனைக்கறீங்க? நாங்க எடுத்தப்போ வருஷ விற்பனை 12 லட்சத்துக்குள்ளன்னா எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு மட்டும் போதும், வருஷத்துக்கு 100 ரூபா. உத்யம் பதிவு சுத்தமா இலவசம், ஆதாரும் பான் கார்டும் வேணும், 2020 ஜூலைல இருந்து உத்யம்தான் நடைமுறை. அரசு தளம் மாதிரியே பேர் வெச்சுட்டு பணம் கேக்கற தனியார் தளங்க நெறைய இருக்கு, அதுலயும் பாத்துக்கோங்க. ஜிஎஸ்டி பதிவுக்கும் கட்டணம் கெடையாது, அதுவும் நம்ம தமிழ்நாட்டுக்குள்ளயே பொருள் விக்கறவங்களுக்கு பொதுவா 40 லட்சம் தாண்டினாத்தான் கட்டாயம். எங்களுக்கு அது தேவையே இல்ல. எடுத்து குடுத்துட்டு ரிட்டர்ன் (விற்பனைக் கணக்கு) போடோணும்னு ஒரு வார்த்தை சொல்லல. விற்பனையே இல்லைன்னாலும் ரிட்டர்ன் லேட்டானா நாளுக்கு 20 ரூபா ஏறும், அப்படி ஏறினத நாங்கதான் கட்டினோம்.

லேபிள பார்த்துதான் எனக்கு வயிறு எரிஞ்சுது. கொள்ளுப்பொடி ஸ்டிக்கர்ல பெருசா "சர்க்கரை நோயை குணப்படுத்தும், கொழுப்பை கரைக்கும்"னு போட்டு 5,000 ஸ்டிக்கர் அச்சடிச்சுட்டார். சாப்பாட்டு பொருள் நோய குணமாக்கும்னு போடறது சட்டப்படியே தப்பு. பேட்ச் நம்பருக்கு எடமே இல்ல, உள்ள சேர்த்த அயிட்டங்கள எடை அதிகமா இருக்கறதுல இருந்து வரிசையா போடோணும், அது தாறுமாறா கெடந்துச்சு, பச்சை குறி பாக்கெட்டுக்கு பின்னாடி ஒரு மூலைல. யாராவது சர்க்கரைக்காரங்க அத நம்பி மாத்திரைய நிறுத்தியிருந்தா? நங்கையா அன்னைக்கே அத்தனையும் அடுப்புல போட்டாங்க.

அப்புறம் லோன். 2020ல ஆரம்பிச்ச பிஎம்எஃப்எம்இ (சின்ன உணவுத் தொழிலுக்கான மத்திய அரசு திட்டம்) திட்டத்துல நாங்க கேட்டப்போ 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் மானியம், இது நெசந்தான். ஆனா இவர் சொன்ன மாதிரி கைல காசா வராது, லோன் தர்ற பேங்க்லயே தனியா நிக்கும், மூணு வருஷம் ஒழுங்கா கட்டி, தொழிலும் நடந்துட்டு இருந்தாத்தான் லோன்ல கழிப்பாங்க. நம்ம பங்கு 10 சதவீதமாவது போடோணும். இத எதையும் சொல்லாம "பத்து லட்சம் சும்மா வரும்"னே பேசினார். பேங்க் மேனேஜர் ரிப்போர்ட்ட பெரட்டிட்டு, "ஏனுங்க, உங்களுது மசால் பொடிதானுங்க, எதுக்கு ஓவனும் ரஸ்க் கட்டிங் மெஷினும்?"னு கேட்டார். யாரோ பேக்கரிக்கு போட்ட ரிப்போர்ட்டுல மொதல் பக்கத்துல பேர மட்டும் மாத்தியிருக்கார். அத்தனை பேர் உக்காந்திருந்த எடத்துல நங்கையாவுக்கு கண்ணு கலங்கிருச்சு.

ஈரோடு மாவட்ட தொழில் மையத்துக்கு போனதுக்கப்புறம்தான் வழி தெரிஞ்சுது. இந்த திட்டத்துக்குன்னே மாவட்டத்துக்கு ரிசோர்ஸ் பெர்சன் வெச்சிருக்காங்க, ரிப்போர்ட் போடறது, பேங்குக்கு கூட நிக்கறது எல்லாம் அவங்க வேலை, அவங்களுக்கு காசு அரசாங்கம் குடுக்குது, நம்மகிட்ட ஒத்த ரூபா வாங்கக்கூடாது. எங்களுக்கு வந்த பொண்ணு எங்க ஊட்டு அரவை மெஷின் குதிரைத்திறன்ல இருந்து கொள்ளு வெலை வரைக்கும் கேட்டு எழுதினாங்க. பக்குவம் கெடாம பேக் பண்றது, எத்தன நாள் தாங்கும்ங்கறதுக்கெல்லாம் கோயமுத்தூர் வேளாண் பல்கலைல அறுவடை பின்சார் தொழில்நுட்ப மையம் இருக்கு, பயிற்சி கட்டணம் உண்டு, ஆனா குடுத்த காசுக்கு விஷயம் கெடைக்குது.

எஃப்எஸ்எஸ்ஏஐ புதுசா எங்க நம்பர், எங்க மெயில் போட்டு உற்பத்தின்னு எடுத்தாச்சு. உங்ககிட்ட ஏற்கனவே சர்டிபிகேட் இருந்தா இப்பவே எடுத்து பாருங்க. நம்பர் 14 இலக்கம், 2ல ஆரம்பிச்சா பதிவு, 1ல ஆரம்பிச்சா லைசென்ஸ். எஃப்எஸ்எஸ்ஏஐயோட ஃபோஸ்காஸ் தளத்துல நம்பர போட்டா உங்க பேரும் முகவரியும் சரியா வரோணும், தொழில் வகை நீங்க செய்யறதாவே இருக்கோணும். ஆன்லைன்ல செய்யத் தெரியலைன்னா பக்கத்து கம்ப்யூட்டர் சென்டர்ல செய்யச் சொல்லுங்க, ஆனா போன் நம்பர் உங்களோடதா இருக்கட்டும்.

பணத்துக்கு நுகர்வோர் உதவி எண் 1915ல புகார் பதிஞ்சிருக்கோம், ஜிபே ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் பேச்சு எல்லாம் பத்திரமா இருக்கு. இன்னும் ஒத்த பைசா திரும்பல. அதே ஆள் இப்போ பெருந்துறை பக்கம் மகளிர் குழுக்களுக்கு மீட்டிங் போட்டு, தலைக்கு இவ்வளவுன்னு இதே பேக்கேஜ வசூல் பண்றதா கேள்விப்பட்டோம். அந்தப் பக்கம் குழுவுல உங்க சொந்தக்காரங்க யாராவது இருந்தா இன்னைக்கே இத அனுப்பிருங்க, பணம் கட்டறதுக்கு முன்னாடி தொழில் மையத்துல ஒருக்கா கேட்டுக்க சொல்லுங்க.